ஒரு மீனை விட்டுக்கொடுத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 37. திருமணமாகி 12 ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயதில் ஒரு மகன். கோடை விடுமுறையில் அவனோடு உட்கார்ந்து ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் பழைய எபிசோடுகளைப் பார்த்தோம். ஒன்றில், கணவனோடு தேவாலய முகாமுக்குப் போகும் மனைவி எல்லார் முன்னாலும் அவன் குறைகளை அடுக்குகிறாள். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிக்குப் பாதி எங்கள் வீட்டுக் கதை. கடைசியில் அந்த ஆள் தான் பிடித்த பெரிய மீனை மனைவிக்காக ஏரியிலேயே விட்டுவிடுகிறான். “பாத்தியா, பொண்டாட்டிக்காக எவ்ளோ பெரிய விஷயத்த விட்டான்!” என்றார் இவர். மகனோ, “அந்த அங்கிள் அப்பா மாதிரியே இருக்காருல்ல?” என்றான்.

என் கணவர் குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், சம்பளத்தை அப்படியே தந்துவிடுவார். ஆனால் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி. மகன் எந்த செக்‌ஷன் என்றுகூடத் தெரியாது. போன மாதம் எனக்கு 102 டிகிரி காய்ச்சல். “ஏதாவது ஆர்டர் பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிட்டார். நானும் ஒரு பட்டியல் எழுதிவிட்டேன். 41 குறைகள். அடுத்த மாதம் எங்கள் திருமண நாள். அன்று அதை அவர் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கொடுக்கலாமா? கவுன்சலிங் என்று பேச்செடுத்தால் “நமக்கென்ன பைத்தியமா?” என்கிறார். 
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: பட்டியலைக் கொடுக்காதீர்கள். திருமண நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் 41-ஐயும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அதற்காகக் கிழித்தும் போட்டுவிடாதீர்கள். 12 வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முதன்முதலாக எழுத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்தக் காகிதம் நமக்குத் தேவைப்படும்.

நீங்கள் பார்த்தது 1991 மே 2 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பான ‘தி வார் ஆஃப் தி சிம்ப்சன்ஸ்’ என்ற எபிசோடு. ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் எழுதி மார்க் கிர்க்லாண்ட் இயக்கியது. சொந்த வீட்டு விருந்தில் அந்தக் கணவன் ஹோமர் மூக்குமுட்டக் குடித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை வெறித்துப் பார்த்து, வந்தவர்களையும் அவமானப்படுத்துகிறான். மனம் நொந்த மனைவி மார்ஜ், பாதிரியார் லவ்ஜாய் கேட்ஃபிஷ் ஏரிக்கரையில் நடத்தும் தம்பதியர் முகாமில் பெயர் கொடுக்கிறாள். ஹோமர் மீன்பிடி சாமான்களையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

உங்களைச் சிரிக்கவிடாத அந்தக் காட்சியைத்தான் ஆலோசகர்களும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மார்ஜ் சொல்லும் குறைகளைக் கவனியுங்கள். பிறந்தநாளையும் திருமண நாளையும் மறக்கிறான், குழந்தைக்கு ஒருநாளும் துணி மாற்றியதில்லை, சூதாடுகிறான், மதுக்கடையே கதியென்று கிடக்கிறான். இவற்றோடு சேர்ந்தே வருகின்றன வாயைத் திறந்துகொண்டு மெல்வதும், துண்டில் மூக்கைச் சிந்துவதும், சாவியால் சொறிந்துகொள்வதும், கால்நகம் நீளமாக இருப்பதும். நெஞ்சை அறுத்த காயமும் கால்நகமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஹோமர் முக்கால்வாசியை மறுக்கவே இல்லை. துண்டு விஷயத்துக்கு மட்டும் ‘ஒன்றிரண்டு தடவைதான்’ என்று வாய் திறக்கிறான்.

41-ஐ மொத்தமாகக் கொடுத்தால் உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும். பட்டியலை வாங்கியவர் அதில் மிகக் கனமானதைத் தேட மாட்டார். எதை எளிதாக மறுக்கலாம் என்றுதான் தேடுவார். “27-ஆவதா எழுதியிருக்கியே, ஈரத்துண்ட கட்டில்ல போடறேன்னு, அது போன வாரம் நான் இல்ல, உன் பையன்” என்பார். அந்த ஒன்று பொய் என்று ஆனதும் மற்ற 40-ம் சந்தேகத்துக்குள் போய்விடும். காய்ச்சலில் தனியாகக் கிடந்த கதை ஈரத்துண்டு விசாரணையில் காணாமல் போகும். அவர் கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. ஒரே நேரத்தில் 41 அடி விழுந்தால் யாரும் தடுக்கத்தான் கையைத் தூக்குவார்கள்.

அடுத்து பாதிரியார் செய்வதைப் பாருங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நூற்றுக்கு நூறு மார்ஜ் பக்கமே நியாயம், தவறு முழுக்க ஹோமருடையது, வேண்டுமானால் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளச் சான்றிதழே தருகிறேன் என்கிறார். தீர்ப்பு சரியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் விடியற்காலையில் ஹோமர் தூண்டிலை எடுத்துக்கொண்டு நழுவப் பார்க்கிறான். யார் மேல் தப்பு என்பது ஒரு கேள்வி. மாற்றத்தை எந்த இடத்தில் தொடங்கலாம் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவதில் ஒரு அடிகூட நகர முடியாது. நம் குடும்பங்களில் பெரியப்பாவையும் மாமாவையும் கூப்பிட்டு நடுவீட்டில் உட்காரவைத்துப் பேசுவதும் அந்தச் சான்றிதழ் மாதிரிதான். பேசி முடித்துப் பெரியவர்கள் பஸ் ஏறியதும், தோற்றவரோடு நீங்கள்தான் அதே வீட்டில் இருக்க வேண்டும். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். மூன்று காகிதங்கள் எடுத்துக்கொண்டு 41-ஐயும் பிரித்து எழுதுங்கள். முதல் தாளில் பழக்கங்கள்: குறட்டை, ஈரத்துண்டு, பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவது. இரண்டாவதில் பொறுப்புகள்: பள்ளி, மருத்துவர், கேஸ் புக்கிங், இரு பக்கப் பெற்றோரின் மருந்து மாத்திரை, யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்வது என்பது. மூன்றாவதில் காயங்கள்: காய்ச்சல் நாள், மறந்துபோன பிறந்தநாள், நீங்கள் அழுதபோது அவர் எழுந்து வெளியே போனது. பெரும்பாலும் முதல் தாள்தான் நீளமாக வரும், மூன்றாவது நான்கைந்து வரியில் முடிந்துவிடும். ஆனால் உங்களை இந்தக் கடிதம் எழுதவைத்தது அந்த நான்கைந்து வரிதான். முதல் தாளை மடித்து உள்ளே வையுங்கள். ஆறு மாதத்துக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மற்ற இரண்டும் சரியாகிவரும்போது அதில் பாதி உங்களை உறுத்தாது. உறுத்துகிற மீதியைச் சாதாரணமாகவே சொல்லிக்கொள்ளலாம்.

தொடக்கம் இரண்டாவது தாளிலிருந்து, அதுவும் ஒரே ஒரு விஷயத்திலிருந்து. காயங்களில் தொடங்கினால் என்ன என்று தோன்றும். காயத்தைக் கேட்பதற்கு எதிரில் இருப்பவர் தற்காப்பில்லாமல் உட்கார வேண்டும். 12 வருடம் கவனிக்காமல் இருந்தவருக்கு உள்ளூர ஒரு குற்ற உணர்வு இருக்கும். அதைத் தொட்டதும் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு பொறுப்பை ஏற்று நடத்திக் காட்டியவருக்குத் தன்னால் முடியும் என்ற தெம்பு வந்திருக்கும். அந்தத் தெம்போடுதான் காயத்தைக் கேட்க முடியும். அதனால் முதலில் வேலை, ஆறு வாரம் கழித்துக் காயம்.

எந்த வேலை? மகனின் பள்ளி. முழுப் பள்ளியும். ‘நாளைக்கு வேன் ஃபீஸ் கட்டிடுங்க’ என்று சொல்லி அவர் கட்டினால் பணம் கட்டியது மட்டும்தான் அவருடைய வேலை. கட்ட வேண்டிய தேதி இது என்று நினைவில் வைத்திருந்தது நீங்கள், அவரிடம் சொன்னது நீங்கள், கட்டினாரா என்று பார்த்தது நீங்கள். எந்த வீட்டு வேலையிலும் மூன்று பங்கு உண்டு: தேவை என்று கவனிப்பது, எப்போது எப்படி என்று திட்டமிடுவது, செய்வது. கடைசிப் பங்கை மட்டும் கணவருக்குக் கொடுக்கிற வீடுகளில்தான், “சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே” என்று அவரும், “எல்லாத்தையும் நானே சொல்லணுமா” என்று மனைவியும் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. கைமாற்றினால் மூன்று பங்கையும் சேர்த்தே கைமாற்ற வேண்டும்.

அதற்கு ஒரே உட்காரலில் அரைமணி நேரம் போதும். பள்ளியில் தொடர்புக்குக் கொடுத்திருக்கும் கைபேசி எண்ணை அவருடையதாக மாற்றச் சொல்லுங்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான். செய்திகள் உங்கள் போனுக்கு வருகிறவரை பொறுப்பும் உங்களிடமே இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவர் சேரட்டும், நீங்கள் வெளியேறுங்கள். டைரியில் கையெழுத்து, வேன், சீருடை, ஷூ, புராஜெக்ட் சாமான், பெற்றோர் கூட்டம், ஃபீஸ் தேதி என்று வரிசையாகச் சொல்லி அவர் கையாலேயே எழுதவையுங்கள். எந்தக் கடையில் சீருடை, எந்த மாதத்தில் ஷூ சிறிதாகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘இவ்வளவு இருந்தால் போதும்’ என்ற அளவை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்: டைரி தினமும் பார்க்க வேண்டும், ஃபீஸ் கடைசித் தேதிக்கு முன் கட்ட வேண்டும், புராஜெக்ட் சாமான் முதல் நாள் இரவே பையில் இருக்க வேண்டும். அளவு இதுதான். நீங்கள் செய்வது போலவே செய்ய வேண்டும் என்பதல்ல.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். அவர் சார்ட் பேப்பர் வாங்க மறப்பார். உங்களுக்கு முந்தின நாள் மாலையே தெரிந்துவிடும், நாக்கு நுனிவரை வரும். சொல்லாதீர்கள். ஓடிப்போய் வாங்கியும் வராதீர்கள். மகன் ஒரு நாள் டீச்சரிடம் ‘அப்பா மறந்துட்டாரு’ என்று சொல்லட்டும். உடல்நலம், பாதுகாப்பு, தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத தேர்வுத் தேதி ஆகிய மூன்றில் மட்டும் தலையிடலாம். நீங்கள் ஒருமுறை காப்பாற்றிவிட்டால், கடைசி நேரத்தில் இவள் பார்த்துக்கொள்வாள் என்று அவருக்குப் பதிந்துவிடும், பொறுப்பு சத்தமில்லாமல் உங்களிடமே திரும்பிவிடும். அவர் செய்ததை அவர் கண்முன்னால் மறுபடி செய்வதும் அதே விளைவைத்தான் தரும். நோட்டுக்கு அட்டை கோணலாகப் போட்டிருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது? அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தவர். 124 புதுமணத் தம்பதிகளை வைத்து 1999-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடங்களே அடுத்த ஆறு ஆண்டுகளில் அந்தத் திருமணம் நிலைக்குமா என்பதைப் பெரிதும் காட்டிக்கொடுத்தன. அதனால் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’, ‘உங்க குடும்பமே இப்படித்தான்’ ஆகியவை இருந்தால் அடித்துவிடுங்கள். கேமரா வைத்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் முதலில் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு எப்படி இருந்தது. பிறகு என்ன வேண்டும். 

இப்படி: “ஏங்க, இந்த வருஷம் ஸ்கூல்லேந்து வந்த எல்லா மெசேஜும் நான்தான் பாத்தேன், மூணு மீட்டிங்குக்கும் நான்தான் போனேன். எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு, தனியா இழுக்கற மாதிரி இருக்கு. ஜூன்லேந்து ஸ்கூல் விஷயம் முழுசா உங்களோடதா இருக்கணும். இன்னைக்கு அரைமணி நேரம் உக்காந்து மாத்திக்கலாமா?” அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் அது 41-ல் இன்னொன்றை இழுத்துவரும். நேரமும் முக்கியம். அவர் அலுவலகத்திலிருந்து உள்ளே நுழையும்போது வேண்டாம், இரவு 10 மணிக்கு மேல் வேண்டாம், மாமியார் ஹாலில் இருக்கும்போது வேண்டாம். சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல நேரம். மகனைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிடுங்கள். அந்த எபிசோடில் பிள்ளைகளுக்குச் சண்டை கேட்கக்கூடாது என்று மார்ஜ் காரில் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். பிள்ளைகளுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

அவர் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை உடனே அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் காதில் விழுவதே மனதில் ஏறாது என்பதையும் காட்மனின் ஆய்வுகள் காட்டின. வெளியே கல் மாதிரி இருப்பவர்களுக்கு உள்ளே இது நடந்துகொண்டிருக்கலாம். குறைந்தது 20 நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பப் பேசுங்கள். ஆனால் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும்: “பதினோரு மணிக்கு மறுபடி பேசலாம்.” நேரம் சொல்லாமல் எழுந்துபோவது இடைவேளை அல்ல, தப்பித்தல். அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இப்போது அந்த மீன். கதையை நிதானமாகப் பார்த்தால், ஜெனரல் ஷெர்மன் என்ற அந்தப் பிரமாண்டக் கெளுத்தியோடு ஹோமர் ஏரியில் போராடிக்கொண்டிருக்கும்போது மார்ஜ் முகாமில் தனியாக இருக்கிறாள். அவள் அவனிடம் மீனை விட்டுக்கொடுக்கும்படி கேட்கவே இல்லை. அந்த ஒரு வார இறுதியில் தன்னோடு இரு என்றுதான் கேட்டாள். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்த மீனைத்தான் அவன் திருப்பி விடுகிறான். ஏரிக்கரையில் அவன் முகத்தைப் பார்த்தால் மனம் இளகத்தான் செய்கிறது, அந்த நொடியில் அவன் அன்பு பொய்யில்லை. ஆனால் பட்டியலில் இருந்த ஒரு வரியைக்கூட அந்த மீன் தொடவில்லை. மீன்பிடி சாமான் விற்கும் கடையில், ஜெனரல் ஷெர்மனைப் பிடிக்கவிருந்த மாவீரன் என்று அவனைப் பற்றிக் கதை பேசுவதோடு எபிசோடு முடிகிறது. மனைவியோடு ஒழுங்காக உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கடையில் யாரும் அவனைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

வாரந்தோறும் வரும் தொடரில் இதில் சிக்கலில்லை. அடுத்த எபிசோடில் எல்லாம் பழையபடி இருந்தாக வேண்டும், அதுதான் அந்த வடிவத்தின் விதி. 1994 மே மாதம் வந்த ‘சீக்ரெட்ஸ் ஆஃப் எ சக்ஸஸ்ஃபுல் மேரேஜ்’ எபிசோடில், முதியோர் கல்வி வகுப்பில் மனைவியின் அந்தரங்கங்களை எல்லாம் ஹோமர் சொல்லிவிட, மார்ஜ் அவனை வீட்டைவிட்டே அனுப்பிவிடுகிறாள். அவன் மகனின் மரவீட்டில் தங்குகிறான். முடிவில் வேறு யாராலும் தர முடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறான்: உன்னை முழுக்க முழுக்கச் சார்ந்தே இருப்பேன் என்பது. உங்கள் கணவரும் “நீ இல்லன்னா என்னால ஒருநாள் கூட முடியாது” என்று சொல்பவராக இருக்கலாம். அதைக் கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அது அவருக்கு நீங்கள் எவ்வளவு தேவை என்பதைச் சொல்கிறது. உங்களுக்கு என்ன தேவை என்பதை அது கேட்கவில்லை. இந்த இரண்டையும் அவருக்குப் பிரித்துச் சொல்லலாம், கோபமில்லாத ஒரு நாளில்.

மீனுக்குப் பதிலாக என்ன கேட்பது? மிகச் சிறியதைக் கேளுங்கள். காட்மனின் இன்னொரு ஆய்வு புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தது. ‘இங்க பாருங்களேன்’, ‘இன்னைக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு தெரியுமா’ என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர் திரும்பிப் பார்த்தாரா என்று எண்ணினார்கள். சேர்ந்தே இருந்தவர்கள் நூற்றுக்கு 86 தடவை திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 தடவை. நீங்கள் கேட்க வேண்டியது இரவில் 20 நிமிடம். இருவர் போனும் வேறு அறையில் இருக்க வேண்டும். மகன், பணம், மாமியார் பேச்சு வேண்டாம். முதல் வாரம் சங்கடமாக இருக்கும், பேச எதுவும் இருக்காது. பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, 20 நிமிடம் முடியும்வரை எழ வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து மூன்றாவது தாளை எடுங்கள். 1960-களில் ஸ்பெயினில் கத்தோலிக்கத் தம்பதிகளுக்காகத் தொடங்கி அமெரிக்காவுக்கும் பரவிய ‘மேரேஜ் என்கவுண்டர்’ முகாம்களில் ஒரு நல்ல முறை உண்டு. கணவனும் மனைவியும் பத்து நிமிடம் தனித்தனியாக எழுதி, மாற்றிப் படித்து, பத்து நிமிடம் பேச வேண்டும். லவ்ஜாயின் முகாம் போல ஊரறியப் பட்டியல் வாசிப்பது அங்கே கிடையாது. எழுதுவதையெல்லாம் அவரவர் துணை மட்டுமே படிப்பார். காய்ச்சல் நாளை அப்படி எழுதுங்கள்: கதவு திறந்து மூடிய சத்தம், லேப்டாப் வெளிச்சம், அப்போது உங்களுக்குத் தோன்றியது. ‘நீங்கள் இப்படிச் செய்தீர்கள்’ என்று தொடங்காமல் ‘எனக்கு இப்படி இருந்தது’ என்று தொடங்குங்கள். கடைசி வரியில் அடுத்த காய்ச்சலுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மாத்திரையும் கஞ்சியும் நீங்களே எடுத்துத் தர வேண்டும். எவ்வளவு சின்னதாகக் கேட்கிறீர்களோ அவ்வளவு எளிதாக அவர் செய்வார்.

திருமண நாளைப் பரீட்சையாக்காதீர்கள். அவருக்கு ஞாபகம் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தால், மறந்துபோவதைக் காண்பதற்காகவே விழித்திருப்பீர்கள். 1990-ல் வந்த இன்னொரு எபிசோடில் மார்ஜின் பிறந்தநாளை மறந்த ஹோமர், அவசரமாகக் கடைக்கு ஓடி, தன் பெயரே பொறித்த பௌலிங் பந்தை வாங்கிவந்து அவளுக்குப் பரிசளிப்பான். கடைசி நேரப் பரிசு எப்போதும் அப்படித்தான் ஆகும். பத்து நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: “அன்னைக்குச் சாயங்காலம் ஆறுலேந்து ஒம்போது வரைக்கும் நாம ரெண்டு பேர் மட்டும். எங்க போறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.” கேட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கேட்காமல் கிடைக்கும் என்று 12 வருடம் காத்திருந்தாயிற்று.

கவுன்சலிங் பற்றி. “உங்களுக்கு கவுன்சலிங் தேவை” என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். “நான் இதுல தோத்துட்டிருக்கேன், எனக்கு உதவி வேணும், மூணே மூணு தடவை கூட வாங்க” என்று கேட்டுப் பாருங்கள். முறையான தம்பதியர் ஆலோசனையில் முதல் அமர்வு இருவருக்கும் சேர்த்து, அடுத்து தனித்தனியாக ஒவ்வொருவரிடமும், பிறகு என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டம். ஒரு அமர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரும்பாலோருக்கு 12 முதல் 20 அமர்வுகள்வரை ஆகும். ஆலோசகர் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். தம்பதியரைச் சேர்த்துவைத்து நடத்திய அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள், அது தனிப் பயிற்சி. முதல் நாளே யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லும் ஆலோசகரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும்கூட. கணவர் வரவே மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். 

ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் எப்போதிலிருந்து இப்படி? கல்யாணமான நாளிலிருந்தா, கடந்த ஓரிரு வருடங்களாகவா? முன்பு ஆசையாகச் செய்தவற்றில்கூட நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது அலட்சியமாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வேறு மருத்துவம் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். இதைப் படிக்கும் மற்ற வாசகிகளுக்கு: வீட்டில் அடி, மிரட்டல், குடி, பணத்தைக் கையில் தராமல் வைத்திருப்பது ஆகியவை இருந்தால் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். பயப்படுகிற ஒருவர் மனம்திறந்து பேசுவது ஆபத்தில் முடியலாம். பெண்கள் உதவி எண் 181.

முன்னேற்றத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய நோட்டு போதும். இந்த வாரம் அவருக்கு எத்தனை முறை நினைவூட்டினீர்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். அவரிடம் காட்ட வேண்டாம். ஆறாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் மறுபடி எண்ணுங்கள். குறைந்திருந்தால், அவர் வாயால் ஒன்றும் சொல்லாவிட்டாலும் மாறிக்கொண்டிருக்கிறார், அடுத்த பொறுப்பைக் கைமாற்றலாம். இவ்வளவு தெளிவாகக் கேட்டும் 12 வாரத்தில் எண்ணிக்கை அசையவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். அப்போது பேச்சு அவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் இருக்காது, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதில் இருக்கும். அதை ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள், தனியாக முடிவெடுக்க வேண்டாம்.

கடைசியாக, மகன் சொன்னது. அதைக் கணவர்மேல் வீசாதீர்கள். “உங்க பையனே சொல்றான் பாருங்க” என்று ஒருமுறை சொன்னால், அப்பாவுக்கு எதிரான சாட்சியாக அவனை நிறுத்திவிடுவீர்கள். அடுத்த முறை அவன் கண்ணில் பட்டதைச் சொல்லவே பயப்படுவான். பள்ளிப் பொறுப்பை முதலில் கைமாற்றச் சொன்னதில் அவனையும் மனதில் வைத்தேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா மட்டும் போகட்டும். எந்த மாடி, எந்த வகுப்பு என்று உங்களுக்குப் போன் செய்து கேட்டால், “அவன்கிட்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அவன் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுவான்.